வைத்திய ஆராய்ச்சிக் கருவிகளும் பொதுமக்கள் பணமும்



சாரல் காலத்தில் தென்காசி வழியாகக் குற்றாலத்துக்குச் செல்லும் ஜனத்திரளில், அருவியில் ஸ்நானம் செய்யும் இன்பத்திற்காக மட்டும் வருகிறவர்கள் பலர். அந்த ஸ்நானத்தினால் பித்தம் தணியும், வாதம் நீங்கும், மேனி நோய் தீரும் என்று நம்பி வருகிறவர்களும் பலர். திரிகூட மலையின் மூலிகைகளின் மேல் பாய்ந்து வருவதால் அந்த ஜலத்துக்கு ஔஷத குணம் உண்டென்பது நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. கிழக்கிந்தியக் கும்பினியார் 1811-ஆம் வருஷத்தில் இதைப் பரிசோதிக்க வைத்தியர் குழுவொன்றை அனுப்பினார்கள் என்று ஸ்தல வருணனைகளில் சொல்வதுண்டு. அந்த வருணனையின்படி பார்த்தால், பொதுப் பணத்தைக் கொண்டு வைத்திய ஆராய்ச்சி நடத்தும் விஷயம் தென்காசிச் சீமைக்குப் புதிதன்று.

ஆனால் அந்தக் காலத்து வைத்தியரிடம் என்ன கருவி இருந்திருக்கும்? கண்ணும் நாக்கும் கைநாடியுமே முக்கியமான கருவிகள். கிருமிகளால் வியாதி உண்டாகிறது என்பதே பாஸ்டர், கோக் முதலிய பண்டிதர்களால் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ருசுவாயிற்று. அருவியில் குளித்தால் உடம்பு லேசாகிறது என்பதற்குக் கருவி வேண்டியதில்லை. குளித்தவர் எல்லோரும் சாட்சி. மூட்டு வாதம் தீருகிறதா என்பதற்குத்தான் கருவி வேண்டும், கணக்கும் வேண்டும். ஜலத்தில் கலந்துள்ள உப்புகளை நிறுக்க வேண்டும். கிருமிகளை எண்ண வேண்டும். ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஸ்நானம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் மாதக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'எனக்கு நன்றாக இருந்தது' என்று ஒருவர் சொல்லுவது மரியாதையுடன் கேட்கத்தக்கதே. எனினும் அது ருசுவாகாது.

இத்தகைய பரிசோதனைகளுக்கு வேண்டிய கருவிகளை யார் வாங்கிக் கொடுப்பது, வாங்கிய பின் யார் பராமரிப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். இது பட்டணத்து டாக்டர்களின் விஷயம், கிராமத்துச் சங்கங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று என்பதைப் பழைய சம்பவங்கள் சிலவற்றால் காணலாம்.

1900-ஆம் வருஷத்தில் வெறிநாய்க் கடிக்கு ஊசி போடும் பாஸ்டர் ஸ்தாபனம் அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்த மலைப்பிரதேசமான கசௌலியில் ஏற்பட்டது. தென்காசித் தாலுகாவில் ஒரு குடியானவனை வெறிநாய் கடித்தால், அவன் தேசத்தின் மறுகோடிக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். எத்தனை பேர் அவ்வாறு போயிருப்பார்கள்? தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் 1907-ல் பாஸ்டர் ஸ்தாபனம் திறக்கப்பட்டது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தர் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்குச் செலவாயிற்று. அதற்கு முன்னரே, 1899-ல், சென்னை கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் ஸ்தாபனத்தைச் சென்னை ஸர்க்கார் தொடங்கியிருந்தார்கள்; கிங் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் பெற்றது அதுதான். அம்மைப்பால் குத்துகிறவர் கிராமத்துக்கு வரும்போது குழந்தைகளை ஒளித்துவைத்த தாய்மார்கள் அக்காலத்தில் அநேகர். எனினும் பெரியம்மை இத்தேசத்தில் 1975-க்குப் பிறகு ஒருவரையும் தீண்டவில்லை. கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுத்த பாலைக் கெடாமல் வைத்திருக்கும் குளிர்ச்சாதனம், அதைச் சோதிக்கும் பூதக்கண்ணாடி ஆகியவற்றுக்கு வரிப்பணத்திலிருந்து செலவிட்டது வீண் என்று இன்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இவற்றைக் காட்டிலும் விரிவாகச் சொல்லத்தக்கது க்ஷயரோக ஆராய்ச்சி. ஏனெனில் கருவிக்குச் செலவிட்ட பணம் ஏழையின் வீட்டுக்கு எவ்வழியாக வந்து சேருகிறது என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

முற்காலத்தில் க்ஷயரோகத்துக்குச் சிகிச்சையென்றால் நல்ல காற்று, நல்ல ஆகாரம், பூரண ஓய்வு என்பார்கள். மூன்றும் ஏழைக்கு எட்டாதவை. மதனப்பள்ளி, தாம்பரம் முதலிய இடங்களில் சானடோரியங்கள் உண்டு. படுக்கைகளோ சில, நோயாளிகளோ லட்சக்கணக்கு. 1950-க்கு முன்னும் பின்னுமாக நல்ல மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆயினும் அந்த மருந்துகளைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே சாப்பிடலாமா என்பது ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் வைத்துக்கொண்டால் மனைவி மக்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம் வேறு.

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-ல் சென்னையில் க்ஷயரோக ரசாயனச் சிகிச்சை நிலையம் ஏற்படுத்தப்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில், சென்னை ஸர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில் ஆகிய நான்கும் இதில் பங்காளிகள். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா? சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் தேர்ந்து, சீட்டுப் போடுவது போன்ற முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றொரு பிரிவினர் நெருக்கமான தங்கள் குடிசைகளில். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷ காலம்.

இங்கேதான் கருவிகளின் அவசியம் தெரிய வருகிறது. நோயாளி தேறிவிட்டானா என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் தேறினவனைப் போலவே தோன்றுவான். மாதந்தோறும் கோழையை எடுத்து, அதில் கிருமி உயிரோடிருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். க்ஷயக் கிருமி மிகவும் சோம்பேறிக் கிருமி. ஒரே சீரான உஷ்ணத்தில், அதாவது மனித உடம்பின் சூட்டில், ஆறு எட்டு வாரம் வைத்திருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்படி வளரும். இடையில் மின்சாரம் நின்று அந்த உஷ்ணப் பெட்டி ஆறிப்போனால் இரண்டு மாதத்து வேலை பாழ். மார்பின் எக்ஸ்-ரே படங்களையும் எடுத்து, படம் எந்தப் பிரிவினருடையது என்று அறியாத நிபுணரைக் கொண்டு பார்க்கச் செய்தார்கள். பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்ற ஜாக்கிரதை! சங்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்வதற்கு அந்தச் சங்கத்துக் காரியதரிசியையே நியமிப்பதில்லையல்லவா?

1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறையச் சானடோரியத்திலிருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் ஆகாரம் சத்துக் குறைந்ததாயிருந்தும் முடிவு அதுவே. குடும்பத்தாருக்குத் தொற்றியதும் அதனால் அதிகமாகவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களை நம்பியிருந்த கொள்கை இதற்குப் பின் மாறத் தொடங்கிற்று. இன்று புளியங்குடியிலோ ஆலங்குளத்திலோ ஒரு நெசவாளி தன் தறியை விட்டு அகலாமல், ஸர்க்கார் கொடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுக் க்ஷயரோகத்திலிருந்து தேறுகிறான் என்றால், அந்த உஷ்ணப் பெட்டிகளும் எக்ஸ்-ரே யந்திரங்களும் அவற்றைக் கிரமமாக நடத்தினவர்களுமே அதற்குக் காரணம். அந்த நிலையம் இப்போது தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி ஸ்தாபனம் என்ற பெயரில் சென்னையிலேயே நடந்து வருகிறது.

மற்றோர் உதாரணம் மலையடிவாரத்தாருக்கு நெருங்கியது. புதர்க் காடுகளிலும் வரப்போரங்களிலும் வாழும் மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. ஸ்கரப் டைபஸ் என்பது அதன் பெயர். விறகு எடுக்கவும் ஆடு மேய்க்கவும் புல்லறுக்கவும் போகிறவர்களை அது பற்றுகிறது. கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டதைப் போல் ஒரு கருமையான பக்கு விழுவதுண்டு, எல்லோருக்கும் விழுவதில்லை. அப்போது அது மலேரியாவா, டெங்குவா, டைபாய்டா என்று தெரியாமல் 'விஷக் காய்ச்சல்' என்ற பெயரில் நாட்கள் கழியும். நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். ரத்தப் பரிசோதனைக் கருவி இருக்குமிடத்தில் ஒரே நாளில் வியாதி இன்னதென்று தெரிந்துவிடும். மருந்தோ விலை மலிவானது; பெட்டிக்குள் இருக்கும் மருந்தை எவருக்குக் கொடுப்பது என்பதுதான் கஷ்டம்.

இந்தக் காய்ச்சல் முற்றிய நிலையில் எந்த மருந்து சிறந்தது என்று வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவில் ஏழு இடங்களில் ஆராய்ந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 800 நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், டாக்ஸிஸைக்ளின், அஸித்ரோமைஸின் என்ற இரண்டையும் ரத்தக்குழாய் வழியாகச் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியே கொடுப்பதைவிட நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று தெரிந்தது. மரணங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் காணவில்லை. காய்ச்சலும் உறுப்புக் கோளாறுகளும் நீடிப்பதுதான் குறைந்தது. இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்திய ஸர்க்காரின் உயிர்த்தொழில் இலாகாவும் ஒன்று. ஆராய்ச்சியில் சேர்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் வியாதி இதுதான் என்று பரிசோதனைச்சாலை மூலம் நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கருவியில்லாத ஆஸ்பத்திரி அந்த ஏழில் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

2020-ஆம் வருஷத்துக் கொரோனா அநுபவத்தை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1919-ல் அன்று, 2019 நவம்பர் 22-ஆம் தேதியில்தான் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. ஏப்ரல் மாதத்தில் புளியங்குடியில் நோய் பரவிய சமயம், மாதிரிகளைப் பரிசோதிக்கத் திருநெல்வேலி வைத்தியக் கல்லூரியின் பரிசோதனைச்சாலையையே நம்ப வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் முதன்முதலாக அப்பரிசோதனையைத் தொடங்கிய சில இடங்களில் அதுவும் ஒன்று. நோய் வருவதற்கு முன்னரே அங்கே வைரஸ் ஆராய்ச்சிக்குரிய சாதனங்களும் பழகிய ஆட்களும் இருந்ததே அதற்குக் காரணம். வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்ட முடியாது.

இனி, பணத்தின் விஷயம். எல்லாத் துறைகளிலும் சேர்த்து ஆராய்ச்சிக்காக இந்தியாவில் செலவாகும் தொகை, 2020-21-ஆம் வருஷக் கணக்குப்படி, தேசத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.64 தான். அதிலும் வைத்தியத்துக்கு ஒரு பங்கே. கருவிகளுக்கு ஸர்க்கார் பணம் வரும் வழிகள் பல. மத்திய ஸர்க்காரின் ஆராய்ச்சி மான்யம் ஒன்று. 1911-ல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்று தொடங்கி, 1949-ல் பெயர் மாறிய இந்திய வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில் கொடுப்பது அதைச் சேர்ந்தது. மாகாண ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டியவற்றை மொத்தமாக வாங்க 1994-ல் தமிழ்நாடு வைத்தியப் பணிகள் கழகம் ஏற்பட்டது. ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் நிலையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்துவதும் அதுவே. பார்லிமெண்டு அங்கத்தினர்களின் தொகுதி நிதி 1993-ல் தொடங்கிற்று. அதிலிருந்தும் ஆஸ்பத்திரிக் கருவிகள் வாங்க இடமுண்டு.

தனிப்பட்டவர்களின் தர்மமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வீடு வீடாக நன்கொடை திரட்டிப் பாடுபட்டதன் பயனாக 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிற்று. 1957-ல் அங்கே வந்த கோபால்ட் கதிர்ச் சிகிச்சை யந்திரம் கானடா தேசத்தார் அளித்தது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் என்பவரால் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், அங்கவீனர்களுக்குப் பயிற்சியும் சாதனங்களும் கொடுப்பதில் பெயர் பெற்றது. பொதுமக்கள் தர்மமும் ஸர்க்கார் உதவியும் அங்கே ஒன்று சேர்ந்திருக்கின்றன.

ஆனால் தர்மத்தில் ஒரு குறை உண்டு. சலவைக்கல்லில் பெயர் பொறிக்கத்தக்க யந்திரத்துக்குத் தர்மவான் கிடைப்பார். அந்த யந்திரத்துக்கு மாதந்தோறும் வேண்டிய ரசாயனத்துக்கும், பழுது பார்க்கும் ஆளுக்கும் தர்மவான் கிடைப்பதில்லை. ஸர்க்கார் பணத்திலும் இந்தக் குறை இல்லாமலில்லை. மார்ச்சு மாதம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டுமே என்று வாங்கிய கருவி எத்தனையோ உண்டு. இந்திய ஸர்க்கார் 29 மாகாணங்களில் 29,115 வைத்திய நிலையங்களிலுள்ள 7,56,750 கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். அவற்றின் மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசப்பட்டாலும், நூற்றுக்கு 13 முதல் 34 வரை வேலை செய்யாமல் கிடந்தன! நூறு ஏர் மாடுகளில் முப்பது படுத்துக் கிடந்தால் அந்த ஊரில் உழவு நடக்குமா? இதைப் பார்த்தே 2015-ல் கருவிகளைப் பராமரிக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன்படி ஜில்லா ஆஸ்பத்திரியில் கருவிகள் நூற்றுக்கு 95 பங்கு காலமும், சமுதாய சுகாதார நிலையத்தில் 90 பங்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 பங்கும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும்.

யந்திரம் கெடுவதற்குக் காரணங்கள் கிராமத்தாருக்குத் தெரியாதவையல்ல. ஆயில் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் வைத்து இறைத்தவர்களுக்கு எல்லாம் விளங்கும். மின்சாரம் ஏறி இறங்கினால் சுருள் கருகும். சாமான் அயல்தேசத்திலிருந்து வரவேண்டியிருந்தால் வேலை மாதக் கணக்கில் நிற்கும். ஓட்டத் தெரிந்தவன் மாற்றலாகிப் போனால் உறை போட்டு மூடி வைப்பார்கள். இவற்றோடு ஆராய்ச்சிக் கருவிக்கு ஒரு விசேஷம் உண்டு: அது நின்றுபோவதைவிடத் தவறாகச் சொல்லுவது கெடுதல். படியளவு சரியில்லாத மரக்கால் இல்லாத மரக்காலைவிடக் கேடல்லவா? ஆகையால் அதைக் குறித்த காலத்தில் சரிபார்க்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

கருவியே கிராமத்தை நோக்கி வருவதும் இப்போது கூடியிருக்கிறது. ட்ரூநாட் என்று இந்தியாவிலேயே செய்யப்படும் சிறு யந்திரம், பாட்டரியால் ஓடக்கூடியது. க்ஷயக் கிருமியை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கும். இந்திய வைத்திய ஆராய்ச்சி கவுன்ஸில் சோதித்து ஒப்பியபின், 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஏற்றது. எட்டு வாரம் உஷ்ணப் பெட்டியில் காத்திருந்த வேலையில் ஒரு பகுதி, ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜையின் மேல் நடக்கிறது. ஆயினும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு சிறு வில்லை செலவாகும். வில்லை தீர்ந்தால் யந்திரம் அலங்காரப் பொருள்தான்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் செய்யக்கூடியது என்ன? 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்கிய பின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அநுமதியுடன் தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று விதித்திருந்தார்கள். தர்ம காரியம் என்பதில் வைத்திய உதவியும் அடங்கும் என்று 1890-ஆம் வருஷத்துத் தர்ம ஸ்தாபனச் சட்டம் சொல்லிற்று. இப்போது தமிழ்நாட்டில் அமுலில் இருப்பது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். ஆகவே அதையும் தத்தம் சங்கத்து உபவிதிகளையும் பார்த்து, கூட்டுறவு இலாகா அதிகாரிகளைக் கலந்துகொண்டே எதையும் செய்ய வேண்டும்.

சிறு சங்கங்கள் சேர்ந்து பெரிய யந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுவது வேண்டாம். மாடு வாங்கக் கடன் கேட்கிறவனிடம் வைக்கோலுக்கு வழி என்ன என்று கேட்காத பஞ்சாயத்தார் உண்டா? அதே கேள்வியை ஆஸ்பத்திரிக் கருவியைப் பற்றியும் கேட்பது சங்கத்தாருக்குக் கைவந்த வித்தை. ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு உண்டு. கிராம சபையும் கூடுகிறது. இந்தக் கருவி எந்த வருஷம் வந்தது, சென்ற மாதம் எத்தனை பேருக்கு உபயோகப்பட்டது, எத்தனை நாள் நின்றிருந்தது, பழுது பார்க்கும் ஒப்பந்தம் எந்தத் தேதி வரையில் இருக்கிறது, ரசாயனம் எத்தனை நாளைக்கு இருப்பு என்று அங்கே கேட்கலாம். இவற்றுக்கு விடை சொல்ல டாக்டருக்கு ஐந்து நிமிஷம் போதும். பணம் கொடுக்க முடிந்த சங்கம், மின்சாரத்தை ஒரே அளவில் நிறுத்தும் சாதனம், மருந்துக் குளிர்பெட்டிக்குப் பாட்டரி, ஓர் வருஷத்துக்கு வேண்டிய வில்லைகள் என்று பெயர் பொறிக்க முடியாத சாமான்களாகப் பார்த்துக் கொடுப்பது உத்தமம்.

அங்கத்தினர்கள் செய்யக்கூடிய வேறொன்றும் இருக்கிறது; அதற்குக் காசு வேண்டியதில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், எந்தக் காட்டில் எந்தத் தேதியில் வேலை செய்தார், ஊரில் இன்னும் யார் யாருக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்ல வேண்டும். உடம்பில் கருமைப் பக்கு இருந்தால் காட்ட வேண்டும். சாரல் முடிந்து ஐப்பசி மழை தொடங்கிப் புதர்கள் தழைக்கும் நாட்களில் இது மிகவும் முக்கியம். ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டால், எதற்காக என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சம்மதமானால் கொடுக்கலாம். சம்மதமில்லையென்றால் மறுக்கவும் உரிமையுண்டு, அதனால் சிகிச்சை குறையாது. 1956-ல் சென்னைக் குடிசைகளிலிருந்து வந்த 193 பேரும் மாதந்தோறும் கோழைக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்திராவிட்டால், அந்த உஷ்ணப் பெட்டிகளில் வளர்த்துப் பார்க்க ஒன்றும் இருந்திராது.